வல்லாரையா, நீர்ப்பிரமியா? ஞாபகசக்தி மூலிகைகள் பற்றிய நீண்ட வழக்கு

தேர்வுக்காலம் வந்தால் வல்லாரைக்கு மவுசு கூடும். கீரைக்கட்டாக, பொடியாக, மாத்திரையாக, சிரப்பாக அது பள்ளிப் பிள்ளைகளைத் தேடி வரும். பக்கத்திலேயே ‘பிராமி’ என்று எழுதிய புட்டிகளும் இருக்கும். இரண்டுக்கும் சொல்லப்படும் பயன் ஒன்றுதான்: படித்தது மனத்தில் நிற்கும். இவை ஒரே செடியின் இரண்டு பெயர்களா, இரண்டு வேறு செடிகளா? வேறு என்றால் நினைவாற்றல் என்ற புகழ் எதற்கு உரியது? வடமொழி மருத்துவ நூல்கள், சித்த மருத்துவம், காலனிய கால மருந்தாளர்கள், இன்றைய ஆய்வகங்கள் எனப் பல தரப்பினர் இதற்கு விடை சொல்லியிருக்கிறார்கள். அந்த விடைகள் ஒன்றோடொன்று முழுமையாகப் பொருந்தவில்லை. வீட்டுத் தோட்டத்தில் இவற்றை வளர்க்க விரும்புபவருக்கு இந்த வழக்கு மிக நெருக்கமானது. எதை நடுகிறோம், எங்கே நடுகிறோம், எதற்காகப் பறிக்கிறோம் என்பதெல்லாம் அதற்கான விடையைப் பொறுத்தே அமைகின்றன.

உறவில்லாத இரண்டு செடிகள்

வல்லாரையின் தாவரப் பெயர் சென்டெல்லா ஏசியாட்டிகா. கொத்தமல்லி, சீரகம், கேரட் ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. தரையோடு படர்ந்து ஓடும் தண்டு, கணுவுக்குக் கணு வேர்விடும். அந்தக் கணுக்களிலிருந்து நீண்ட காம்புகளில் சிறுநீரக வடிவ இலைகள் எழும். இலையின் விளிம்பில் சிறு வெட்டுகள் இருக்கும். காம்பு சேரும் இடத்தில் ஆழமான பிளவு இருக்கும். செந்நிறச் சாயலுள்ள மிகச் சிறிய பூக்கள் இலைகளுக்கு அடியில் மறைந்திருக்கும். லின்னேயஸ் 1753-ல் இதை ஹைட்ரோகோட்டைல் என்ற பேரினத்தில் வைத்தார். 1879-ல் உர்பன் இன்றைய பெயருக்கு மாற்றினார்.

நீர்ப்பிரமியின் தாவரப் பெயர் பக்கோபா மொனியேரி. இசப்கோல் அடங்கிய குடும்பம் இதனுடையது. இலைகள் சிறியவை, சதைப்பற்றானவை, காம்பில்லாமல் தண்டின் இருபுறமும் எதிரெதிராக அமைந்தவை. முதல் பார்வைக்குப் பருப்புக்கீரை என்று நினைக்கத் தோன்றும். பூ ஐந்து இதழுடன் வெள்ளையாகவோ வெளிர் ஊதாவாகவோ இருக்கும். ஓர் இலையைக் கிள்ளி மென்றால் கசப்பு நாக்கில் நெடுநேரம் நிற்கும். வல்லாரையிலும் இலேசான கசப்பும் துவர்ப்பும் உண்டு, ஆனால் அது கீரையாகச் சமைத்து உண்ணத்தக்க அளவில் இருக்கிறது. நீர்ப்பிரமி வாய்க்கால் ஓரம், வயல் வரப்பு, குளத்தங்கரைச் சேறு ஆகிய இடங்களில் வளரும். அமெரிக்கக் கண்டங்கள் உட்பட வெப்பமண்டல நாடுகள் பலவற்றிலும் காணப்படுகிறது. மீன்தொட்டிகளில் அழகுக்காக வைக்கும் செடிகளில் இதுவும் ஒன்று.

வேதியியல் பார்வையிலும் இரண்டும் வேறு. வல்லாரையின் முக்கியச் சத்துகள் ஏசியாட்டிகோசைடு, மடேகாசோசைடு, அவற்றோடு சேர்ந்த அமிலங்கள். நீர்ப்பிரமியின் அடையாளம் பேக்கோசைடுகள். இரண்டும் நுரைக்கும் தன்மையுள்ள சப்போனின் வகையில் அடங்கினாலும் அவற்றின் மூலக்கூறு அமைப்பு வெவ்வேறு. எனவே ஒன்றில் நிறுவப்பட்ட குணத்தை மற்றொன்றின் மேல் ஏற்றிச் சொல்ல அடிப்படை இல்லை. ஆனால் அப்படி ஏற்றிச் சொல்வதுதான் பல நூற்றாண்டுகளாக நடந்துவருகிறது.

பிராமி எது என்ற கேள்விக்கு மூன்று விடைகள்

சரக சம்ஹிதை மேதைக்கு, அதாவது அறிவுத்திறனுக்கு, உரிய நான்கு ரசாயன மருந்துகளைச் சொல்கிறது. அவற்றுள் முதலாவது மண்டூகபர்ணியின், அதாவது வல்லாரையின், சாறு. மற்றவை அதிமதுரம், சீந்தில், சங்கபுஷ்பி. அந்த நான்கில் பிராமி இல்லை. வலிப்புநோய் பற்றிய பகுதியில் பிராமி நெய் தனியாக வருகிறது. சுசுருத சம்ஹிதையும் மண்டூகபர்ணிச் சாற்றையும் பிராமிச் சாற்றையும் தனித்தனி முறைகளாகவே விவரிக்கிறது. மூல நூல்கள் இரண்டையும் வேறு மூலிகைகளாகக் கண்டன என்பதில் பெரிய ஐயம் எழ இடமில்லை.

குழப்பம் பின்னால் வந்த நிகண்டுகளில் தொடங்குகிறது. 16-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் பாவப்பிரகாசம் பிராமியையும் மண்டூகபர்ணியையும் அடுத்தடுத்து வைத்து, இரண்டுக்கும் ஒரே குணம் என்கிறது. குணம் ஒன்று என்றால் ஒன்று கிடைக்காதபோது மற்றொன்றைப் போடலாம் என்ற வழக்கம் வருவது இயல்பு. இமயமலை அடிவாரத்தில், குறிப்பாக ஹரித்வார் சந்தையில், வல்லாரையே பிராமி என்று விற்கப்பட்டது. மகாராஷ்டிரத்திலும் கர்நாடகத்திலும் பலர் இன்றும் வல்லாரையைப் பிராமி என்றே அழைக்கிறார்கள். வங்காளத்திலும் கேரளத்திலும் பிராமி என்றால் சேற்றில் வளரும் பக்கோபாதான். வங்காளத்தில் வல்லாரைக்குத் தான்குனி என்றும் கேரளத்தில் முத்தில், குடங்கல் என்றும் வேறு பெயர்கள் உள்ளன.

இதிலிருந்து மூன்று நிலைப்பாடுகள் உருவாயின. பிராமி என்றால் பக்கோபா மட்டுமே என்பது முதலாவது. வங்காள, கேரள மரபுகள் இதற்கு வலுவான துணை. இந்திய ஆயுர்வேத மருந்துநூலும் பிராமியைப் பக்கோபா என்றும், மண்டூகபர்ணியைச் சென்டெல்லா என்றும் வரையறுத்து இந்தப் பக்கமே நின்றது. வட இந்திய வைத்தியர்களின் தலைமுறை தலைமுறையான கைப்பழக்கத்தை நம்பி, வல்லாரையே பிராமி என்பது இரண்டாவது. அதன் பலவீனம் வெளிப்படையானது: இரண்டும் ஒன்றானால் பழைய நூல்கள் ஏன் அவற்றைத் தனித்தனியாகச் சொல்கின்றன என்பதற்கு அதனிடம் பதில் இல்லை. குணம் ஒன்றுதான், பெயர்ச் சண்டை தேவையில்லை என்பது மூன்றாவது. கேட்க இணக்கமாகத் தோன்றினாலும் மூன்றிலும் இதுவே அதிகத் தீங்கு விளைவிப்பது என்று சொல்லத் தோன்றுகிறது. வேறு வேறு வேதிப்பொருள்கள் உள்ள இரண்டு செடிகளைச் சோதனை எதுவும் இல்லாமல் ஒன்றுக்கொன்று மாற்றாக்கிவிடும் நிலைப்பாடு அது.

தமிழகத்து நிலை சற்று வேறு. சித்த மருத்துவத்தில் வல்லாரை என்றும் நீர்ப்பிரமி அல்லது பிரமி என்றும் பெயர்கள் தொடக்கத்திலிருந்தே பிரிந்திருக்கின்றன. வல்லாரை நெய், பிரமி நெய் என மருந்துகளும் தனித்தனி. வல்லாரை இங்கே ஞாபகசக்திக்காக மட்டும் புகழ்பெற்றதும் அல்ல. உடலை நெடுங்காலம் காக்கும் கற்ப மூலிகைகளில் ஒன்றாகவே அது மதிக்கப்பட்டது. வல்லாரை உண்டவரிடம் மல்லாடாதே என்ற பழமொழியும் உடல் வலிமையைத்தான் பேசுகிறது, தேர்வு மதிப்பெண்ணைப் பேசவில்லை. ‘மூளைக்கீரை’ என்ற இன்றைய அடையாளம் பள்ளிக்கூடமும் பொதுத்தேர்வும் வாழ்க்கையைத் தீர்மானிக்கத் தொடங்கிய காலத்தில் பெரிதாகியிருக்கலாம்.

புதுச்சேரியிலிருந்து மடகாஸ்கர் வரை

வல்லாரையை நவீன மருந்தியல் முதலில் எடுத்துக்கொண்டது மூளைக்காக அல்ல, தோலுக்காக. 1850-களில் மொரீஷியஸ் தீவில் புவாலோ என்ற பிரெஞ்சு மருத்துவர் இதைத் தொழுநோய்க்குப் பயன்படுத்தினார். 1855-ல் புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சு மருந்தாளர் லெப்பீன் செடியைப் பகுத்தாராய்ந்து, அதிலிருந்து பிரித்த பொருளுக்கு ‘வெல்லரின்’ என்று பெயரிட்டார். செடியின் தமிழ்ப் பெயரே அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. அதே காலத்தில் சென்னைத் தொழுநோய் மருத்துவமனையிலும் இது சோதிக்கப்பட்டது. 1868-ல் வெளிவந்த இந்திய மருந்துநூல் இதைச் சேர்த்துக்கொண்டது. ஆனால் தொழுநோயைத் தீர்க்கும் மருந்து என்ற எதிர்பார்ப்பு நிலைக்கவில்லை. லெப்பீன் சொன்ன பொருளையும் பின்வந்த வேதியியலாளர்களால் அதே வடிவில் மறுபடி பிரித்தெடுக்க முடியவில்லை.

அடுத்த திருப்பம் மடகாஸ்கரில் நிகழ்ந்தது. 1941-ல் போந்தெம் அந்தத் தீவின் செடியிலிருந்து ஏசியாட்டிகோசைடைப் பிரித்தெடுத்தார். 1940-களில் பியேர் புவாத்தோவும் அவருடன் இருந்தவர்களும் தொழுநோய்ப் புண்களில் அதைப் பயன்படுத்தினர். நோய்க்கிருமியை அது அழிக்கிறது என்ற கருத்தைவிட, புண் ஆறும்போது தோலில் கொலாஜன் உருவாவதைத் தூண்டுகிறது என்ற கருத்தே காலப்போக்கில் வலுப்பெற்றது. அதிலிருந்து மடேகாசோல் என்ற களிம்பு வந்தது. இன்று கொரிய அழகுப்பொருள் சந்தையில் ‘சிகா’ என்று விற்கப்படும் கிரீம்களுக்கும் வேர் இந்தச் செடியே. கால் நாளங்களில் இரத்தம் தேங்கும் நோய்க்கும் இதன் சாறு சோதிக்கப்பட்டு, வீக்கம் குறைவதாகச் சில சோதனைகள் காட்டின. அவற்றில் பல சிறியவை, பழையவை.

வல்லாரையின் வலுவான சான்று எங்கே இருக்கிறது என்பதை இந்த வரலாறு காட்டுகிறது. அது தோலிலும் புண்ணிலும் இருக்கிறது. தமிழ் வீடுகளில் பெரும்பாலும் பேசப்படாத பக்கம் அதுதான்.

நினைவாற்றல்: சோதனைகள் சொல்வது

நீர்ப்பிரமியின் நவீன வரலாறு பெரும்பாலும் லக்னோவில் எழுதப்பட்டது. மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தில் 1960-களில் பேக்கோசைடுகள் பிரிக்கப்பட்டன. விலங்குகளில் கற்றலையும் நினைவையும் அளக்கும் சோதனைகள் தொடர்ந்தன. அந்த நிறுவனம் உருவாக்கிய சாறு 1990-களின் நடுவில் சென்னை நிறுவனம் ஒன்றின் வழியாக ‘மெமரி பிளஸ்’ என்ற பெயரில் கடைகளுக்கு வந்தது. பெற்றோர்களிடையே அது எழுப்பிய ஆர்வமும் எதிர்பார்ப்பும் அப்போது அறிவியல் தந்திருந்த சான்றைவிடப் பெரியவை.

அதன் பிறகுதான் மனிதர்களிடம் கட்டுப்பாட்டுடன் கூடிய சோதனைகள் பெருகின. 2001-ல் ஆஸ்திரேலியாவில் நலமான 46 பேரிடம் ஸ்டஃப் குழுவினர் நடத்திய சோதனையில், நாளொன்றுக்கு 300 மில்லிகிராம் சாறு 12 வாரம் தரப்பட்டது. கற்றலிலும் நினைவை நிலைநிறுத்துவதிலும் முன்னேற்றம் தெரிந்தது. 2002-ல் ரூடன்ரிஸ் குழு 40 முதல் 65 வயதுள்ள 76 பேரைச் சோதித்தது. புதிதாகக் கற்ற செய்தியை மறக்காமல் வைத்திருப்பதில் பயன் இருந்தது. கற்கும் வேகத்தில் இல்லை. 2008-ல் கலப்ரீஸ் குழுவும் 2010-ல் மார்கனும் ஸ்டீவன்ஸும் முதியவர்களிடம் ஓரளவு பயன் கண்டனர். 2014-ல் கொங்கேவ் குழு 9 சோதனைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, கவனத்தின் வேகத்தில் முன்னேற்றம் இருக்கக்கூடும் என்ற முடிவுக்கு வந்தது. ஒரே ஒரு வேளை கொடுத்து இரண்டு மணி நேரத்தில் அளந்த சோதனையில் பயன் எதுவும் தெரியவில்லை. ஆகவே தேர்வுக்கு முந்தின நாள் விழுங்கும் மாத்திரைக்கு இந்த ஆய்வுகளில் ஆதரவு கிடையாது. பயன் தெரிந்தால் அது மூன்று மாதம் ஒழுங்காக எடுத்தவர்களுக்கே.

வல்லாரைக்கு வருவோம். 1973-ல் அப்பாராவும் அவருடைய சகாக்களும் மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளிடம் நடத்திய சோதனையில் பொது அறிவுத்திறன் கூடியதாக அறிவித்தனர். இந்த விஷயத்தில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் சோதனை அது. 2008-ல் தாய்லாந்தில் நலமான முதியவர்கள் 28 பேருக்கு இரண்டு மாதம் சாறு கொடுத்தபோது, மிக அதிக அளவான 750 மில்லிகிராமில் மட்டும் செயல்நினைவும் மனநிலையும் மேம்பட்டன. ஆனால் 2017-ல் புட்டராக் குழு அதுவரை கிடைத்த சோதனைகளை முறையாகத் தொகுத்தபோது, நினைவு உள்ளிட்ட அறிவுத்திறன்களில் வெற்று மாத்திரையைவிட வல்லாரை மேல் என்பதற்குப் போதிய சான்று கிடைக்கவில்லை. விழிப்புணர்வு கூடுவது, கோபம் குறைவது போன்ற மனநிலை மாற்றங்களில் சிறு பயன் இருக்கலாம் என்றே அது சொன்னது.

இரண்டையும் அருகருகே வைத்தால் தராசு நீர்ப்பிரமி பக்கம் சாய்கிறது. ஆனால் அந்தச் சாய்வைப் பெரிதாக்கிச் சொல்லக்கூடாது. சோதனைகள் பெரும்பாலும் சிறியவை. ஒவ்வொன்றிலும் பல நினைவுத் தேர்வுகள் வைக்கப்படுகின்றன. அவற்றுள் சிலவற்றில் மட்டுமே வேறுபாடு தெரிகிறது, அது எந்தத் தேர்வில் என்பதும் சோதனைக்குச் சோதனை மாறுகிறது. சாறு தயாரிக்கும் நிறுவனங்களின் ஆதரவில் நடந்தவையும் அவற்றில் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, சோதிக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் நடுத்தர வயதினரும் முதியவர்களும். இந்த மருந்துகளை வாங்குவதோ பிள்ளைகளுக்காக. பிள்ளைகளிடம் நடந்த ஆய்வுகள் மிகக் குறைவு. 2022-ல் ஆஸ்திரேலியாவில் கவனக்குறைவும் மிகையான துறுதுறுப்பும் உள்ள சிறுவர்களிடம் நீர்ப்பிரமியைச் சோதித்தபோது, முக்கியமாக எதிர்பார்க்கப்பட்ட நடத்தை மாற்றத்தில் வெற்று மாத்திரையைவிட மேம்பாடு தெரியவில்லை. இந்த முடிவைத் தமிழ் விளம்பரங்களில் பார்க்க முடியாது என்பது வருத்தத்துக்குரியது.

மாத்திரைக்கும் கீரைக்கட்டுக்கும் இடையில்

சோதனைக்கூடத்தில் கொடுக்கப்பட்டது செடி அல்ல, செறிவூட்டிய சாறு. 300 மில்லிகிராம் சாற்றுக்குள் பல கிராம் உலர்ந்த செடி அடங்கியிருக்கும். பச்சையாகக் கணக்கிட்டால் எடை பல மடங்கு கூடும். தோட்டத்து நீர்ப்பிரமியில் நாலு இலை பறித்துத் தேனில் குழைத்துக் கொடுப்பதை அந்தச் சோதனைகளின் பெயரால் நியாயப்படுத்த முடியாது. வாரம் ஒருநாள் வல்லாரைத் துவையலும் அப்படித்தான். அது நல்ல கீரை; ஆனால் மருந்துச் சோதனை எதுவும் அந்தத் துவையலை அளந்து பார்த்ததில்லை.

மரபு மருத்துவத்தின் தரப்பும் இங்கே கவனிக்கத்தக்கது. வைத்தியர்கள் இவற்றைப் பெரும்பாலும் நெய்யில் காய்ச்சியும் பாலில் கலந்தும், பத்தியத்தோடும் பல வாரம் கொடுத்தார்கள். அந்த முறைகளை அப்படியே எடுத்துக் கட்டுப்பாட்டுடன் சோதித்தவர்கள் குறைவு. ஆகவே மரபு தவறு என்று சொல்லச் சான்று இல்லை. சரி என்று சொல்லவும் சான்று போதவில்லை.

செடிக்குச் செடி சத்தும் மாறுகிறது. ஒரே நாட்டின் வெவ்வேறு இடங்களில் பறித்த வல்லாரையில் ஏசியாட்டிகோசைடின் அளவு பெரிதும் வேறுபடுவதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. நீர்ப்பிரமியில் பருவத்துக்கு ஏற்ப பேக்கோசைடு கூடிக் குறைகிறது. உலர்த்தி நெடுநாள் வைத்தாலும் குறைகிறது. லக்னோவில் உள்ள மத்திய மருத்துவ, நறுமணத் தாவர நிறுவனம் சத்து மிகுந்த நீர்ப்பிரமி இரகங்களை வெளியிட்டிருப்பது இந்த மாறுபாட்டை நன்கு உணர்ந்துதான்.

நிழலில் ஒன்று, சேற்றில் ஒன்று

வளர்ப்பில் இரண்டும் ஈரம் விரும்பிகள் என்ற அளவில்தான் ஒற்றுமை. வல்லாரைக்கு ஈரம் வேண்டும், ஆனால் நாள்கணக்கில் நீர் தேங்கினால் வேர் கெடலாம். நீர்ப்பிரமிக்குத் தேக்கமே பிடிக்கும்.

வல்லாரையைக் கணுவோடு கூடிய தண்டிலிருந்து வளர்ப்பது எளிது. இரண்டு மூன்று கணுக்கள் உள்ள துண்டை, மக்கிய தொழுவுரமும் வண்டலும் கலந்த மண்ணில் படுக்கவைத்துக் கணுவை மட்டும் மூடினால் போதும். வேர் ஆழமாகப் போகாது. ஒரு சாண் ஆழமுள்ள அகலமான தொட்டி நல்லது. கொடி ஓட இடம் வேண்டும் என்பதால் ஆழத்தைவிட அகலமே முக்கியம். நண்பகல் வெயில் நேரடியாகப் பட்டால் இலை சிறுத்துச் சிவந்து முரடாகும். வாழை, தென்னை, கொய்யா நிழலிலும், 50 விழுக்காட்டு நிழல்வலையின் கீழும் இலை அகன்று மென்மையாக வரும். இங்கே ஒரு தெளிவு தேவை: இலை பெருப்பதும் மருந்துச்சத்து பெருகுவதும் ஒன்றல்ல. வெயில் கூடினால் சத்து கூடுமா, நிழலில் கூடுமா என்பதில் ஆய்வுகள் ஒன்றுபடவில்லை. கீரைக்காக வளர்ப்பவர் இந்த விவாதத்துக்குள் போகாமல் நிழலையே தேர்ந்தெடுக்கலாம். நட்ட இரண்டு மூன்று மாதங்களில் பறிக்கத் தொடங்கலாம். கொடியை இழுக்காமல், முற்றிய இலைகளைக் காம்போடு கிள்ளினால் செடி தொடர்ந்து தரும். மழைக்காலத்தில் நத்தைகளைக் கண்காணிக்க வேண்டும்.

வல்லாரை வாங்கும்போது ஏமாற வாய்ப்புண்டு. குளங்களிலும் தொட்டிகளிலும் அழகுக்கு வைக்கும் ஹைட்ரோகோட்டைல் இனச் செடி ஒன்று வட்ட இலையோடு வல்லாரை போலவே இருக்கும். அதில் காம்பு இலையின் நடுவில், குடைக்குக் கம்பி போல, சேர்ந்திருக்கும். வல்லாரையில் காம்பு இலையின் பிளவில் சேரும். எலிக்காதிலை என்ற தரையோடும் கொடியும் சில இடங்களில் வல்லாரைக்குப் பதிலாக விற்பனைக்கு வருவதுண்டு. நாற்று வாங்குபவர் காம்பு சேரும் இடத்தைப் பார்த்துவிட்டே பணம் கொடுக்க வேண்டும்.

நீர்ப்பிரமிக்கு 5 முதல் 10 சென்டிமீட்டர் நுனித்தண்டு போதும். அடியில் துளையில்லாத அகலமான தொட்டியில் களிமண் நிரப்பி, எப்போதும் சேறாக வைத்திருந்தால் தண்டு சில நாள்களில் வேர்விடும். அரைநாள் வெயிலைத் தாங்கும். தமிழ்நாட்டுக் கோடையிலும் நீர் குறையாதவரை வாடாது. மண்ணுக்கு மேலே நீர் நிற்க வேண்டிய கட்டாயம் இல்லை. நின்றால் கொசுப்புழு வரும் என்பதால் நகரத்து மாடிகளில் சேறு நிலையே பாதுகாப்பு. நீர் நிற்கவிட்டால் கப்பி மீன் விடலாம். ஓரளவு உப்பு நீரையும் இது தாங்கும். கடலோர ஊர்களில் ஆழ்துளைக் கிணற்று நீரை நம்பியிருப்பவர்களுக்கு இது பெரிய வசதி. நட்ட 75 முதல் 90 நாளில் அறுக்கலாம். தரையிலிருந்து நாலைந்து சென்டிமீட்டர் விட்டு வெட்டினால் மறுபடி துளிர்க்கும். உலர்த்துவதாக இருந்தால் நிழலில் உலர்த்துவதே நல்லது.

வாய்க்காலோரத்து ஆபத்து

வீட்டில் வளர்க்கச் சொல்வதற்கு வலுவான காரணம் ஒன்று உண்டு. நீர்ப்பிரமி நீரிலும் சேற்றிலும் உள்ள காட்மியம், குரோமியம், பாதரசம் போன்ற கன உலோகங்களை உறிஞ்சித் தன்னுள் சேர்த்துக்கொள்ளும் செடி. கழிவுநீரைச் சுத்தம் செய்ய இதைப் பயன்படுத்தலாமா என்றே லக்னோ உள்ளிட்ட இடங்களில் ஆய்வுகள் நடந்துள்ளன. அழுக்கை உறிஞ்சும் அதே குணம், அழுக்கு நீரில் வளர்ந்ததைத் தின்பவருக்குக் கேடாகிறது. வல்லாரையும் மாசுபட்ட மண்ணிலிருந்து உலோகங்களை ஏற்கக்கூடியது. சாயக்கழிவோ தோல் தொழிற்சாலைக் கழிவோ கலக்கும் ஓடைக்கரைகளில் இவை செழித்து நிற்பதைக் கண்டு பறிப்பது, மருந்தின் பெயரில் நஞ்சைச் சேர்ப்பதாகிவிடும். பச்சையாக உண்ணும் நீரோரக் கீரைகளில் நோய்க்கிருமிகளும் ஒட்டுண்ணிகளும் ஒட்டியிருக்கலாம். எந்த இரகத்தில் பேக்கோசைடு அதிகம் என்பதைவிட, எந்த நீரில் வளர்ந்தது என்பதே வாங்குபவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

உணவிலும் மருந்திலும்

உணவில் வல்லாரைக்கு இருக்கும் இடம் நீர்ப்பிரமிக்கு இல்லை. தமிழ்நாட்டில் உளுத்தம்பருப்பும் மிளகாயும் வறுத்து, இலையை வதக்கிப் புளியோடு அரைக்கும் துவையல் உண்டு. யாழ்ப்பாணத்தில் இலையைப் பொடியாக நறுக்கி, தேங்காய்ப்பூ, சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், தேசிக்காய்ப் புளி சேர்த்துச் சமைக்காமலே செய்யும் வல்லாரைச் சம்பல் உண்டு. சிங்களவர்கள் கொட்டுக்கொல என்று அழைத்து இலைக்கஞ்சியில் சேர்க்கிறார்கள். வியட்நாமிலும் தாய்லாந்திலும் அதன் சாறு தெருக்களில் குளிர்பானமாக விற்கப்படுகிறது. நீர்ப்பிரமியை உணவாக்கியவர்கள் வங்காளிகள்; கசப்பை விரும்பும் அவர்கள் அதை நெய்யில் வதக்கிச் சோற்றோடு உண்கிறார்கள். கேரளத்தில் குழந்தைகளுக்கு அதன் சாறு கொடுக்கும் வழக்கம் நீண்டது.

பாதுகாப்பைப் பொறுத்தவரை, கீரையாக அளவோடு உண்ணும் வல்லாரை பற்றிக் கவலைப்படப் பெரிதாக எதுவும் இல்லை. செறிவூட்டிய மாத்திரைகள் வேறு கணக்கு. 2005-ல் அர்ஜென்டினாவில் வல்லாரை மாத்திரை உண்ட மூன்று பெண்களுக்குக் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டதாக மருத்துவ இதழில் பதிவானது. நீர்ப்பிரமிச் சோதனைகளில் வயிற்றுவலி, குமட்டல், அடிக்கடி மலம் கழிதல் ஆகியவை வெற்று மாத்திரையைவிட அதிகமாகத் தென்பட்டன. கருவுற்றவர்கள், தூக்க மருந்தோ நரம்பு மருந்தோ எடுப்பவர்கள், கல்லீரல் நோயுள்ளவர்கள் ஆகியோர் மருத்துவரைக் கேட்காமல் இவற்றின் சாறுகளைத் தொடக்கூடாது.

இன்னும் தீராதவை

பிராமி எது என்ற பழைய கேள்விக்கு இன்று ஓரளவு உறுதியாக விடை சொல்லலாம்: அது பக்கோபா, வல்லாரை அல்ல. நினைவாற்றல் யாருடையது என்ற கேள்வி அவ்வளவு எளிதில் முடியவில்லை. நீர்ப்பிரமிக்குச் சிறிய, நிதானமான ஆதரவு இருக்கிறது. வல்லாரைக்கு அந்த அளவுகூட இல்லை. ஆனால் இரண்டையும் ஒரே சோதனையில், ஒரே வயதினரிடம், ஒரே அளவுகோலால் ஒப்பிட்ட பெரிய ஆய்வு தேவைப்படுகிறது. சித்த மருத்துவ நெய்களை மரபு சொன்ன முறையிலேயே சோதிப்பதும், பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு நீண்டகாலம் கொடுப்பது பாதுகாப்பானதா என்று பார்ப்பதும் அடுத்த தேவைகள். சித்த மருத்துவத்துக்கெனத் தேசிய நிறுவனமும் மத்திய ஆராய்ச்சிக் குழுமமும் சென்னையில் இருக்கும்போது, இந்த வேலையை இங்கிருந்தே எடுத்துச் செய்ய முடியும், செய்யவும் வேண்டும்.

அதுவரை வீட்டுத் தோட்டத்துக்குச் சொல்லக்கூடியது இது. கீரைக்கு வல்லாரையை நிழலில் வளர்த்துத் தாராளமாக உண்ணலாம். நீர்ப்பிரமியைத் தனித் தொட்டியில், சுத்தமான நீரில் வளர்க்கலாம். அதை மருந்தாக எடுப்பதைத் தகுதியுள்ள சித்த அல்லது ஆயுர்வேத மருத்துவரிடம் விட்டுவிடுவது நல்லது. கடையில் ‘பிராமி’ என்று வாங்குகிறவர்கள் உறையைத் திருப்பித் தாவரப் பெயரைத் தேடுங்கள். சென்டெல்லா என்றோ பக்கோபா என்றோ தெளிவாக எழுதியிராத புட்டியை வாங்காதீர்கள்.